துறைமுக நகரின் மன்றம்: மதில் ஓரத்தில் நடக்கும் தவறுகள்

சிறிய துறைமுக நகரில் புதிதாகக் கவுன்சிலர் ஆகிறவர், முதல் வாரத்திலேயே துறைமுக மதில் ஓரமாக ஒருமுறை நடந்துவிட வேண்டும். மதிலுக்கு உள்ளே பெரும்பாலும் வேறு நிர்வாகம்: அரசின் துறைமுக அமைப்பாக இருக்கும், இல்லை குத்தகைக்கு எடுத்த தனியார் நிறுவனமாக இருக்கும். வெளியே நகராட்சி. மன்றம் செய்யும் பெரிய தவறுகள் அந்த மதிலை ஒட்டித்தான் நடக்கின்றன.

'உள்ளே நடப்பது அவர்கள் பாடு' என்று விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் தீ என்று அழைப்பு வந்தது. ஓடிப்போனது நகரத்தின் தீயணைப்புப் படை. அங்கே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் (வெடிக்கக்கூடிய ரசாயனம்) பல ஆண்டுகளாகக் கிடப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. போன 10 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. வெடிப்பில் மொத்தம் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கடைசியாக எப்போது வந்தது? இரவில் எந்த வாசல் திறந்திருக்கும், சாவி யாரிடம்? நம் வண்டியின் குழாய் உள்ளே இருக்கும் நீர்க்குழாயில் பொருந்துமா? மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1904இல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுக நகரம் எரிந்தபோது, வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த வண்டிகளில் பலவற்றால் குழாயை மாட்டவே முடியவில்லை. அளவு வேறு.

அப்புறம் வடிகால். வருடாவருடம் பணத்தைக் கொட்டியும் அதே தெருக்களில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. திட்ட வரைபடத்தில் வடிகாலின் அகலம் இருக்கும், சரிவு இருக்கும். கடலில் விழும் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது, கடல் ஏறும்போது அது மூழ்குமா என்பது இருக்காது. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். ஏறி நிற்கிற அந்தச் சில மணி நேரத்தில் கனமழை பிடித்தால், வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தும் தண்ணீர் போக வழியில்லை. அப்போது தேவை இன்னொரு அகலமான வடிகால் அல்ல. தண்ணீரைத் தேக்கி வைக்க ஓர் இடமும், இறைத்து வெளியேற்ற மோட்டாரும்தான்.

வடிகாலின் அந்த வாயில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒரு வழிக் கதவு மாட்டியிருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். கிழிந்த வலைத் துண்டு ஒன்று இடுக்கில் சிக்கினால் போதும், கதவு மூடாது. கடல் உள்ளே வரும். மழையே இல்லாத நாளில் தெருவில் தண்ணீர் நின்று, காய்ந்தபின் சுவர் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். துறைமுகம் கப்பல் வரும் வழியை மட்டும் தூர்வாரும், நகராட்சி மதில் வரைக்கும் தூர்வாரும். நடுவில் இருக்கும் வாயைத் தூர்வாருவது யார் வேலை என்று எழுத்தில் இல்லாவிட்டால், யாரும் செய்ய மாட்டார்கள்.

சரக்கு கூடினால் வேலையும் கூடும் என்று நம்பி மன்றம் சலுகைகளை அள்ளிக் கொடுப்பதும் உண்டு. 1956இல் கன்டெய்னர் போக்குவரத்து தொடங்கியதிலிருந்து அந்தக் கணக்கு மாறிவிட்டது. மூட்டை தூக்கிய கூட்டத்தின் வேலையைக் கிரேன் எடுத்துக்கொண்டது. பெரிய கப்பல்களுக்கு இடம் போதாமல் லண்டன் நகரத்துப் பழைய கப்பல்துறைகள் 1981க்குள் மூடப்பட்டன. எத்தனை டன் என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை பேருக்குச் சம்பளம், அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

சுற்றுலாக் கப்பல் வரும் ஊர்களில் வரம்பு வைக்கத் தாமதிப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் வசிப்பவர்கள் சுமார் 5,000 பேர். ஒரு பெரிய கப்பலே ஆயிரக்கணக்கில் ஆட்களை இறக்கிவிடும். நாளுக்கு 1,000 பயணிகள் போதும் என்று 2022இல் மக்களே வாக்களித்தார்கள். அதை எதிர்த்து வழக்கு வந்தது. அலாஸ்காவின் ஜூனோ, கப்பல் நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசி நாளுக்கு 5 பெரிய கப்பல் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் பேச்சை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

கடைசியாக லாரி. வாசல் திறக்கும்வரை ஓட்டுநர்கள் பள்ளிக்கூடச் சாலையிலேயே வரிசை கட்டி நிற்பார்கள். கழிப்பறை இருக்காது, குடிக்கத் தண்ணீர் இருக்காது. அபராதம் போட்டால் வரிசை அடுத்த தெருவுக்கு நகரும், அவ்வளவுதான். வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் யார் செலவில் என்பதை, துறைமுக விரிவாக்கத்துக்கு நகரத்தின் ஒப்புதல் கேட்டு வரும்போதே தீர்மானத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். கிரேன் வந்து நின்ற பிறகு கேட்டால், கோப்பு மதிலின் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும்.