பேஸ்மென்ட் வீட்டில் ஸ்மார்ட் பிளக் வைஃபையில் சேராவிட்டால்

டொராண்டோ, ஸ்காபரோ பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களில் பலருக்கு முதலில் அமைவது பேஸ்மென்ட், அதாவது நிலத்தடித் தள வீடுதான். வாடகையோடு வைஃபையும் சேர்ந்தே கிடைக்கும் என்றாலும், ரவுட்டர் மேல்தளத்தில், வீட்டு உரிமையாளரின் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும். புதிதாக வாங்கிய ஸ்மார்ட் பிளக்கோ (கைபேசி வழியே மின்சாதனங்களை இயக்க உதவும் செருகி) கேமராவோ இணையவில்லை என்றால், பழுதான பொருள் என்று முடிவுகட்டிக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் பெரும்பாலும் ஒரே பெயரில் தருகின்றன. விலை குறைந்த பிளக்குகளும் பல்புகளும் பொதுவாக 2.4-இல் மட்டுமே இயங்குவதால், கைபேசி 5-இல் இருக்கும்போது இணைப்பு பாதியிலேயே நின்றுவிடுவதுண்டு. 2.4-க்குத் தனிப் பெயர் வைத்துத் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். பல ரவுட்டர்களில், அவற்றின் செயலியிலேயே அவர் இதைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். அவருக்குத் தெரியாமல் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். விருந்தினருக்கான வைஃபையை அவர் கொடுத்திருந்தால், அதிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று காண முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கைபேசியில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை) இருந்தால் அணைத்துவிட்டு, செயலி கேட்கும் இருப்பிட அனுமதியைக் கொடுத்த பின்பு முயலுங்கள்.

எங்கள் முதல் பேஸ்மென்ட்டில் பிளக்கின் நீல விளக்கு ஒரு மாலை முழுவதும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, மாடிப்படியின் உச்சியில் இருந்த மின் சாக்கெட்டில் அதைச் செருகி, பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்தபோது, இரண்டே நிமிடத்தில் இணைந்தது. கீழே கொண்டுவந்த பிறகும் இணைப்பு போகவில்லை. பேஸ்மென்ட் கூரையில் ஓடும் தகரக் காற்றுக்குழாய்கள் வைஃபை அலையை மறிக்கின்றன. எனவே அவற்றுக்கு நேர் கீழே கருவியை வைக்காதீர்கள். மைக்ரோவேவில் சோறு சூடாகும்போதெல்லாம் கேமராவின் இணைப்பு அறுந்துபோனால் வியக்க வேண்டாம், மைக்ரோவேவும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகிறது.

பல்கலைக்கழக விடுதியில் தங்கும் மாணவர்களின் சிக்கல் வேறு. அங்கே வைஃபைக்குள் நுழைய உலாவியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் வந்தால், பிளக்கால் அதை நிரப்ப முடியாது; அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பதிவுசெய்து தர இயலுமா என்று விடுதியின் கணினிப் பிரிவிடம் கேட்க வேண்டும்.

குளிர்காலத்தில் வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டின் வைஃபை அறுந்தால் வீட்டில் முதியோர் பதறிப்போவார்கள். இணைப்பு போனாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும். சுவரிலுள்ள கருவியிலேயே வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே செய்துகாட்டிவிடுங்கள்.

பின்னாளில் வேறு வீட்டுக்குப் போய்ச் சொந்தமாக இணைய இணைப்பு எடுக்கும்போது, கருவிகளில் ஏற்கெனவே பதிந்திருக்கும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் புதிய ரவுட்டருக்கும் வைத்தால், பெரும்பாலான கருவிகள் தாமாகவே இணைந்துகொள்ளும்.