கோடையில் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்: அறை எடுக்கும் முன் கேளுங்கள்

நகரத்துக்குள் இருக்கும் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், அதாவது தங்க அறையும் காலை உணவும் தரும் இடம், பெரும்பாலும் ஒரு பழைய வீடுதான். ஏசி இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பதிவு செய்வதற்கு முன் அறை எந்த மாடியில், ஜன்னல் எந்தத் திசையில் என்று கேட்டுவிடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகலெல்லாம் வெயில் குடித்த கூரை ராத்திரி முழுக்க வெப்பத்தை உள்ளே இறக்கும். மேற்குச் சுவரும் அப்படித்தான். இரவு பத்து மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். கீழ்த்தளமோ நடுத்தளமோ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

தெருவைப் பார்த்த அறை என்றால் இன்னொரு சிக்கல். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் வண்டிச் சத்தம், மூடினால் புழுக்கம். பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். கொசுவலை உண்டா என்பதையும் கேளுங்கள்.

காலையில் வெளியே கிளம்பும்போது திரையை முழுக்க இழுத்துவிட்டுப் போங்கள். கண்ணாடி வழியே வெயில் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் அறையைக் குளிர்விப்பது பெரும்பாடு. இருட்டி, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு ஜன்னலைத் திறங்கள். மேசை மின்விசிறி இருந்தால் ஜன்னலை ஒட்டி, வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். சூடான காற்றை அது வெளியே தள்ளும். இன்னொரு ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும்.

காலை உணவைச் சீக்கிரம் தர முடியுமா என்றும் முதல் நாளே கேட்டுவையுங்கள். வெயில் ஏறுவதற்குள் ஊர் சுற்றிவிட்டு மதியம் அறைக்குத் திரும்பிவிடலாம். சில வீடுகளில் மதியம் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், சாவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.