காற்றில் பரவும் வைரஸ்களைத் தடுக்க முகக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பதும் அணிவதும்

காற்றில் பரவும் வைரஸ் பெரும்பாலும் தனித்து மிதப்பதில்லை; நாம் இருமும்போதும் பேசும்போதும், ஏன், மூச்சுவிடும்போதும்கூட வெளிப்படும் திவலைகளில் கலந்தே வருகிறது. பெரிய திவலைகள் சிறிது தூரத்திலேயே கீழே விழுந்துவிடும். ஒருசில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள நுண்திவலைகளோ காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே எந்த முகக்கவசத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டைப் பார்க்க வேண்டும்: அது நுண்திவலைகளைப் பிடிக்கிறதா, நம் மூச்சுக்காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போய்வருகிறதா. பலர் முதலாவதை மட்டும் விசாரித்துவிட்டு இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது.

துணி முகக்கவசம் அணிந்திருப்பவரின் வாயிலிருந்து வெளிவரும் பெரிய திவலைகளை ஓரளவு தடுக்கும். நுண்திவலைகள் உள்ளே வருவதை அது தடுக்கும் திறன் குறைவு. வேறு எதுவும் கிடைக்காதபோது, நெருக்கமாக நெய்த துணியில் பல அடுக்குகள் உள்ளதைப் பயன்படுத்தலாம். அறுவைசிகிச்சை முகக்கவசத்தின் நடு அடுக்கு நன்றாக வடிகட்டக்கூடியது என்றாலும், கன்னங்களின் ஓரத்தில் இடைவெளி இருப்பதால் காற்று அவ்வழியே சுலபமாக நுழைந்துவிடுகிறது. காதில் மாட்டும் கயிறுகளை முகக்கவசத்தின் ஓரத்தை ஒட்டி முடிச்சிட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகிக்கொண்டால் இந்த இடைவெளி கணிசமாகக் குறையும்.

நெரிசலான உள்ளிடங்களுக்கும் நோயாளியின் அருகில் இருப்பவர்களுக்கும் ஏற்றது என்95 என்ற அமெரிக்கத் தர முகக்கவசம் அல்லது அதற்கு இணையான எஃப்எஃப்பி2 (ஐரோப்பா), கேஎன்95 (சீனா), கேஎஃப்94 (தென்கொரியா) வகைகளே. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்பது என்95 தரத்தின் விதி. கொரோனா வைரஸின் அளவு ஏறத்தாழ 0.1 மைக்ரான்தானே, அது எளிதில் நுழைந்துவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த வடிகட்டி சல்லடை அல்ல என்பதை அறிந்தால் அச்சம் நீங்கும். பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல முடியாமல் இழைகளில் மோதுகின்றன. மிகச் சிறியவை நிலையின்றி அலைந்து இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னூட்டமும் துகள்களை ஈர்க்கிறது. பெரிய துகள்களுக்கும் மிகச் சிறியவற்றுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவே பிடிப்பதற்குக் கடினமானது என்பதால்தான் சோதனைக்கு அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என்95 முகக்கவசத்தை அணியும்போது மேல்பட்டையை உச்சந்தலையின் பின்புறத்திலும் கீழ்ப்பட்டையைக் காதுகளுக்குக் கீழே கழுத்திலும் பொருத்துங்கள். மூக்குப்பட்டையை இரு கை விரல்களாலும் மூக்கின் வடிவத்துக்கு ஏற்ப அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் அது கூம்பி இடைவெளி விடும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் முகக்கவசத்தை மூடிப் பலமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணை நோக்கியோ கன்னத்தின் ஓரத்திலோ காற்று கசிந்தால் மறுபடியும் சரிசெய்யுங்கள். எத்தனை முறை சரிசெய்தும் கசிந்தால் அந்த அளவோ வடிவமோ உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. வேறொன்றை வாங்குவதே நல்லது. தாடி இருந்தால் எந்த என்95 முகக்கவசமும் தோலோடு ஒட்டி அமராது. மூச்சை வெளியேற்றும் வால்வு உள்ளவை அணிபவரைக் காத்தாலும் அவர் வெளிவிடும் மூச்சை வடிகட்டாமல் அனுப்புவதால், நோய் அறிகுறி உள்ளவர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

என்95 முகக்கவசத்தைச் சோப்பு நீரில் துவைப்பதோ ஆல்கஹால் தெளிப்பதோ கூடாது. அதிலுள்ள மின்னூட்டம் அழிந்து, வடிகட்டும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். பார்வைக்கு அது முன்போலவே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. மீண்டும் அணிய நேர்ந்தால் காகித உறையில் இட்டு உலர வையுங்கள். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் பட்டைகளைப் பிடித்து எடுத்து, கைகளைக் கழுவுங்கள். ஈரமாகிவிட்டாலோ, கிழிந்தாலோ, பட்டைகள் தளர்ந்து மேற்சொன்ன கசிவுச் சோதனையில் தேறாவிட்டாலோ அதை மறுபடி அணியாமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.