பழைய ஊர்ப் பாலத்தை ரிப்பேருக்கு மூடறாங்களா? முன்னாடியே செய்ய வேண்டிய வேலைங்க

பழைய கல் பாலத்தை மூடப் போறாங்கன்னதும் எல்லாரும் பாலத்தையே பாத்துட்டு இருப்பாங்க, ஆனா வில்லங்கம் வரப் போறது சுத்தி இருக்கற சந்துங்கள்ல. போர்டுல போடற மாற்றுப்பாதை பெரிய ரோடு வழியா சுத்திப் போகும், அதுல லாரிக்காரர் வேணா போவார், மத்தவங்க மேப் எந்தச் சந்தைக் காட்டுதோ அதுல நுழைஞ்சிடுவாங்க.

அதனால மூடறதுக்கு முன்னாடியே வண்டிகளை எண்ணிடுங்க. ஒரு வேலை நாள், ஒரு லீவு நாள், ஸ்கூல் விடற நேரம் கண்டிப்பா இருக்கணும், பாலத்துல மட்டும் இல்லாம சந்து முனையிலயும் நின்னு கார், லாரி, டூவீலர், சைக்கிள், நடந்து போறவங்கன்னு தனித்தனியா குறிச்சு வைங்க. மொத்தமா ஒரே நம்பர் எழுதினா பிரயோஜனமே இல்ல. மூடின பிறகு அதே இடத்துல திரும்ப எண்ணினாதான் "எங்க தெருவுல நெரிசல் ஜாஸ்தியாச்சு"ங்கற பேச்சுக்கு அதிகாரிங்ககிட்ட மதிப்பு வரும்.

மாற்றுப்பாதையை இருக்கறதுலயே நீளமான வண்டியில ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, திருப்பம், தாழ்வா தொங்கற ஒயர், வழியில பலவீனமான சின்னப் பாலம் எல்லாம் அப்பதான் தெரியும். "பாலம் மூடியாச்சு" போர்டை பாலத்துக்கிட்ட வெச்சா லேட், லாரி திரும்ப முடியற கடைசி ஜங்ஷன்லயே வைக்கணும். கூகுள் மேப்ஸ்லயும் மூடலைப் பதிவு பண்ணிடுங்க. ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு எழுத்துல சொல்லி, அக்கரைக்கு யார் எந்த வழியா வருவாங்கன்னு கேட்டு வாங்கிடுங்க. அக்கரைக் கடைங்களுக்கு "கடை திறந்திருக்கு"ன்னு ஒரு போர்டு, சின்ன விஷயம்தான், ஆனா யாரும் செய்யறதில்ல.

நடந்து போறவங்களுக்கு தற்காலிக நடைபாலம் வேணும்னு ஆரம்பத்துலயே கேளுங்க, என்னைக் கேட்டா இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. லண்டன் ஹேமர்ஸ்மித் பாலத்தை 2019 ஏப்ரல்ல வண்டிங்களுக்கு மட்டும்தான் மூடினாங்க, 2020 ஆகஸ்ட்ல விரிசல் பெருசானதும் நடக்கறவங்களுக்கும் மூட வேண்டியதாச்சு, அவங்களுக்குத் திரும்பத் திறக்க 2021 ஜூலை ஆயிடுச்சு.

அடுத்து தேதி. தண்ணி குறைவா ஓடற சீசன்லதான் அஸ்திவாரத்துல அரிப்பு இருக்கான்னு சரியா பாக்க முடியும். பழைய கல்லுக்கு சுண்ணாம்புச் சாந்துதான் சரி, சிமெண்ட் போட்டா ஈரம் வெளிய போக வழியில்லாம கல்லே உரிஞ்சு வரும், ஆனா சுண்ணாம்பு மெதுவாதான் இறுகும், 5 டிகிரிக்குக் கீழ குளிர் போனா வேலையே நிக்கணும். வளைவு மேல இருக்கற மண்ணையும் ரெண்டு பக்கமும் சமமா எடுக்கணும், ஒரு பக்கம் மட்டும் தோண்டினா வளைவு நகர்ந்துடும். அதனால "சீக்கிரம் முடிங்க"ன்னு நெருக்காதீங்க, அதுக்குப் பதிலா தேதி தள்ளிப்போனா எப்ப, எப்படி சொல்வீங்கன்னு கேளுங்க. பாலத்துக்குள்ள போற தண்ணிக் குழாய், கேபிள் வேலையையும் இப்பவே முடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் வந்து மறுபடி தோண்டுவாங்க.

மூடின முதல் சில நாள் ரொம்ப மோசமாத்தான் இருக்கும், அப்புறம் ஜனங்க நேரத்தை மாத்திப்பாங்க, சில பயணம் தானாவே குறையும். அதனால ஒருவழிப்பாதை மாதிரி மாத்தம் எல்லாம் அந்த ரெண்டாவது எண்ணிக்கை வந்த பிறகு கேக்கறது நல்லது. திறக்கும்போது எடை வரம்பு என்னன்னு எழுதி வாங்கிக்கோங்க, ரிப்பேர் ஆயிடுச்சுன்னா எந்த லாரியும் போலாம்னு அர்த்தம் இல்ல. டைவர்ஷன் போர்டுங்களையும் மேப்ல போட்ட மூடலையும் அன்னிக்கே எடுக்க வைங்க.