கடாரம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் தமிழ்மொழி விழா. விழா வந்தால் பேச்சுப் போட்டி, பேச்சுப் போட்டி என்றால் கடாரத்தை, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவை, வென்ற ராஜேந்திர சோழனின் கப்பற்படை. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகள் மலாக்கா நீரிணையின் பழங்கதையைத் தமிழில் சொல்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனாலேயே அந்தக் கதை தப்பும் தவறுமாக மேடையேறும்போது மனம் பொறுப்பதில்லை. பேச்சு எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் பின்வருவனவற்றைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

"சோழர்கள் தென்கிழக்காசியாவை ஆண்டார்கள்" என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். 1025இல் நடந்தது படையெடுப்பு. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் வரும் புகழுரை, 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று எடுத்து, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அகப்படுத்தியதையும், அவன் யானையையும் பெருநிதியையும் வித்தியாதரத் தோரணத்தையும் கைக்கொண்டதையும் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று ஊர்களை அடுக்கிக் கடாரத்தில் கொண்டுவந்து முடிக்கிறது. அங்கே ஆளுநரை அமர்த்தியதாகவோ ஆண்டுதோறும் வரி வாங்கியதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து வீரராஜேந்திரன் மீண்டும் கடாரத்தை வென்று, தன் கழலடி பணிந்த அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவன் கல்வெட்டு பேசுகிறது. தொடர்ந்து ஆண்டுவந்த நாடாக இருந்தால் மறுபடி வெல்ல வேண்டிய தேவை என்ன?

போரை மட்டும் பாடிவிட்டு இறங்குவது அடுத்த பிழை. அந்தப் படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கி, மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த புத்த விகாரம் நாகப்பட்டினத்தில் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தவன் ராஜராஜன். படையெடுப்புக்குப் பின்னும் வணிகம் நின்றுவிடவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்தது. மரக்கல நாயகனும் கேவிகள் எனப்பட்ட கப்பல் ஆட்களும் கஸ்தூரி விலைக்கணக்கில் பொன் செலுத்த வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. போர்ப் பெருமிதத்தைவிட இந்தக் கணக்குவழக்குதான் இந்தக் கடலின் அன்றாடத்தை நமக்குக் காட்டுகிறது. பிள்ளைகள் பேச்சில் இது ஒருமுறையாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அன்றைய துறைமுகங்களைத் தேடுவது மிகப் பரவலான தவறு. கரை நகரும். தெலுக் ஆயர் சாலையில் நிற்கும் நாகூர் தர்காவையே பாருங்கள். 1828க்கும் 1830க்கும் இடையே சூலியா முஸ்லிம்கள், அதாவது தமிழகக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், அதைக் கட்டியபோது எதிரே கடல் இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். இன்று தர்கா வாசலில் நின்றால் அடுக்குமாடி அலுவலகங்கள்தாம் தெரியும். தீவின் பரப்பே சுதந்திரத்தின்போது சுமார் 580 சதுர கிலோமீட்டர், இப்போது 730க்கும் மேல். இங்கே மனிதர்கள் செய்ததை வேறிடங்களில் ஆறுகள் செய்திருக்கின்றன. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது, தாமிரபரணி கொட்டிய வண்டலால். கெடாவிலும் இதே கதைதான். மெர்போக், மூடா ஆறுகளின் வண்டல் அன்றைய கரையைத் தூர்த்ததால், ஒருகாலத்தில் நீரோரம் இருந்த இடங்கள் இப்போது வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கின்றன. "இவ்வளவு உள்ளே எப்படித் துறைமுகம்?" என்று பேருந்தில் போகிறவர்கள் கேட்பது இதனால்தான்.

காற்றை மறந்துவிட்டால் எதுவுமே விளங்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சீனத்திலிருந்து இறங்கிவரும் கப்பலுக்கோ அதே வடகிழக்குக் காற்றுதான் வரும் வழி. இரண்டு பக்கத்தாரும் மாதக்கணக்கில் தங்க வேண்டிய இடம் இந்த நீரிணை. சீனத் துறவி யீஜிங் 671இல் குவாங்சோவிலிருந்து இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயம் வந்து, ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். துறைமுகங்கள் கல்விக்கூடங்களாகவும் சந்தைகளாகவும் வளர்ந்ததற்கு இப்படிப்பட்ட தங்கல்களே காரணம். கெடா ஏன் என்றால், அது இலங்கையின் தென்முனையோடு ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கிறது. அங்கிருந்து நேர்கிழக்கே வந்தால், 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை கடலிலிருந்தே கண்ணில் படும்.

கெடாவில் பழங்கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பார்க்கும் கல் எல்லாவற்றுக்கும் சோழ முத்திரை குத்துவதும் கூடாது. அதன் தெற்கே செபராங் பிறையில் கிடைத்த மாநாவிகன் (பெருங்கடலோடி) புத்தகுப்தனின் சமஸ்கிருதக் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தஞ்சைச் சோழருக்கு அது பல நூற்றாண்டு முந்தியது. பலெம்பாங்கின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, 683ஆம் ஆண்டினது, பல்லவ எழுத்தில் இருந்தாலும் மொழி பழைய மலாய். எழுத்தை எடுத்துக்கொண்டு தங்கள் மொழியை எழுதியவர்கள் இந்த மண்ணின் மக்கள். அவர்களை வெறும் வேடிக்கை பார்த்தவர்களாக ஆக்கிவிடாதீர்கள்.

சிங்கப்பூர்க் கல்லிலும் எச்சரிக்கை தேவை. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற அந்தப் பாறையை 1843இல் வெடி வைத்து உடைத்தார்கள். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்து இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. அதில் சோழப் பட்டப்பெயரின் ஒரு பகுதி இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் கருத்துச் சொன்னதை வைத்து "ராஜேந்திரன் கல்வெட்டு" என்று முழங்குவது முறையன்று. மலாய் வரலாற்றுக் கதையில் சீனத்தை வெல்லக் கிளம்பித் தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வந்த ராஜா சூலனும் அப்படியே. துருப்பிடித்த ஊசிகளோடும் பல்லுப்போன கிழவர்களோடும் சீனர் ஒரு கப்பலை அனுப்ப, சீனம் அத்தனை தொலைவு என்று நம்பி அவன் திரும்பிவிட்டானாம். அருமையான கதை, கதையென்றே சொல்லுங்கள். தெமாசெக்கின் பழமைக்கு வேறு சான்று கேட்டால், ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் இருக்கின்றன.

ஜூன் விடுமுறையில் சுங்கைப்பட்டாணி பக்கம் போகிறவர்கள், மெர்போக் அருங்காட்சியகத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். சுங்கை பத்துவின் இரும்பு உருக்குக் களத்தையும் பாருங்கள். அதன் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு, ஆகவே எழுதும்போது ஒரே ஆண்டைத் தீர்ப்பாக எழுதிவிட வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி (பழங்கோயில் இடிபாடு) 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பதைப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.