கழுத்து ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவரின் காலைக் கவனியுங்கள்

மதுரையில் கழுத்துத் தண்டுவட ஆபரேஷன் முடித்து அப்பாவைத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டி வந்த நாலாம் நாள், இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அத்தை பாசமாக வேப்பெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட வந்துவிட்டார். நான் தடுத்தேன், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: வலிக்கும் காலை நீவிவிடாதீர்கள், கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

கழுத்தில் கத்தி வைத்தால் காலில் ஏன் ரத்தம் கட்டுகிறது? படுத்தே கிடப்பதால் கால் ரத்தம் தேங்குகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இடுப்பு, முட்டி ஆபரேஷனைவிட இதில் ஆபத்து குறைவுதான். ஆனால் தண்டுவடம் நசுங்கிக் கால் பலம் குறைந்தவர்கள், வயதானவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பே ரத்தம் கட்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் முக்கியம், மூன்று மாதம் வரைகூட வரலாம்.

டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து கழுத்துப் பட்டையை (காலர்) போட்டுக்கொண்டு, ஒருவர் துணையோடு, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள். படுத்திருக்கும்போது தையல் மிஷின் மிதிப்பதுபோல் பாதத்தை முன்னும் பின்னும் மணிக்கொரு தரம் பத்து இருபது முறை அசைக்கட்டும். இறுக்கமான சாக்ஸ் கொடுத்திருந்தால் சுருட்டிவிடாமல் போட வேண்டும். அப்புறம் தண்ணீர். நம் கடற்கரை வெயிலில் வேர்வை ஊற்றுகிறது, முன்பக்கக் கழுத்தில் ஆபரேஷன் என்றால் விழுங்க வலிக்கிறது என்று குடிக்கவே மாட்டார்கள், அப்பாவும் அப்படித்தான். நிமிர்ந்து உட்கார வைத்து மோரோ தண்ணீரோ மடக்கு மடக்காகக் கொடுங்கள். குடிக்கும்போதெல்லாம் புரை ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம், இதயக் கோளாறு இருந்தால் எவ்வளவு தரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி, மாத்திரை விஷயத்தில் சொந்த முடிவு வேண்டாம். கூட்டினால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கசிந்து அழுத்தலாம், எழுதிக் கொடுத்ததை விட்டால் காலில் ரத்தம் கட்டலாம். ஏற்கெனவே சாப்பிட்டு நிறுத்திய ஆஸ்பிரின் போன்றவற்றை எந்தத் தேதியில் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சூடானாலோ, சிவந்தாலோ, வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் உடனே 108. கழுத்து வீங்குவது, மூச்சு முட்டுவது, கை கால் புதிதாக மரத்துப் போவது, பலம் போவது இவையும் அதே அவசரம்தான், ஆபரேஷன் செய்த இடத்திலேயே ரத்தம் தேங்கியிருக்கலாம்.

மறுபரிசோதனைக்கு மதுரை போகும்போது வழி முழுக்க ஒரே இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். ராமநாதபுரத்தில் ஒரு தரம், பரமக்குடியில் ஒரு தரம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு கையோடு இருக்கட்டும்.