பழைய நிரல் உடையாமல் லைப்ரரியைப் புதுப்பிப்பது எப்படி?

போன வருடம் காவடிக் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் ஊர்க் கோயில் கணினியில் நான் எழுதிய பஞ்சாங்க நிரல் ஓட மறுத்தது. ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்களில் பெரும்பாலானவை சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, கோயிலில் 20.04. அந்த வரியின் காரணத்தைத் தேடிப் போய்த்தான் சிம்பல் பதிப்பை, அதாவது லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதிப்பு எண் ஒட்டும் முறையை, கற்றேன். மொரிஷியஸில் லினக்ஸுக்கு எழுதத் தொடங்கும் நம் பிள்ளைகள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் கண்ணால் பாருங்கள்

'ரீட்எல்ஃப் -டபிள்யூ --டைன்-சிம்ஸ்' என்று அடித்து, ஜிலிப்சியின் லிப்சி.எஸ்ஓ.6 கோப்பு இருக்கும் பாதையைக் கொடுங்கள். 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியானால் இந்த இரண்டும் கண்ணில் படும்:

மெம்காப்பி@ஜிலிப்சி_2.2.5
மெம்காப்பி@@ஜிலிப்சி_2.14

மெம்காப்பி என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன். பெயர் ஒன்று, உருவம் இரண்டு. @@ உள்ளதில்தான் இனி கம்பைல் ஆகும் நிரல்கள் ஒட்டும். ஒற்றை @ ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றுக்காகக் காத்திருப்பது. 2010-இல் மெம்காப்பியை வேகமாக்கியபோது, ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை அதனிடம் கொடுத்த நிரல்கள் தடுமாறின. அடோபி ஃபிளாஷில் ஒலியே கெட்டது. அப்படிக் கொடுக்கக்கூடாது என்பது சி மொழியின் விதி, ஆகவே பிழை நிரலுடையது. இருந்தும் 2011-இல் வந்த 2.14, பழைய நிரல்களுக்குப் பழைய பத்திரமான நடத்தையையே விட்டுவைத்தது. இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, என் 2.34 எங்கிருந்து வந்தது? மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கே அந்தப் பதிப்பில் புது எண் விழுந்தது. அதனால் வெறும் வணக்கம் சொல்லும் நிரலைக்கூட 22.04-இல் கம்பைல் செய்தால் 2.34 கேட்கும். 20.04-இல் இருப்பதோ 2.31. பழைய நிரல் புதிய கணினியில் ஓடும், புதியது பழையதில் ஓடாமல் போகலாம். ஆகவே நீங்கள் ஆதரிக்கப்போகும் மிகப் பழைய சிஸ்டத்தில், அல்லது அதன் கன்டெய்னருக்குள் (அந்தச் சிஸ்டத்தின் கோப்புகளைத் தனியாக அடைத்துவைத்த சூழல்), கம்பைல் செய்யுங்கள். கோயில் கணினிக்கு நான் செய்ததும் அதுதான்.

2. மேப் கோப்பு

இனி நம் சொந்த லைப்ரரி. பூச நட்சத்திரம் தொடங்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வையுங்கள். எந்தப் பெயர் எந்தப் பதிப்பு எண்ணோடு வெளியே தெரிய வேண்டும் என்று சொல்லும் பூசம்.மேப் என்ற கோப்பில்:

பூசம்_1.0 {
  குளோபல்: பூசம்_தொடக்கம்;
  லோக்கல்: *;
};

லோக்கல் வரியை விட்டுவிடாதீர்கள். உள்வேலைக்கு எழுதிய ஃபங்ஷன் வெளியே தெரிந்தால் யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள், அப்புறம் உங்களால் அதைத் தொடவே முடியாது.

ஜிசிசி -ஷேர்டு -எஃப்பிக் -டபிள்யூஎல்,--வெர்ஷன்-ஸ்கிரிப்ட்=பூசம்.மேப் -டபிள்யூஎல்,-சோநேம்,லிப்பூசம்.எஸ்ஓ.1 பூசம்.சி -ஓ லிப்பூசம்.எஸ்ஓ.1

3. நடத்தையை மாற்றும்போது

1.0 இந்திய நேரத்தைத் தருகிறது. நம் நேரம் ஒன்றரை மணி பின்னால் இருப்பதால், அதை அழைக்கும் நிரல்கள் தாங்களே 90 நிமிடம் கழித்துக்கொள்கின்றன. இப்போது லைப்ரரியே மொரிஷியஸ் நேரத்தைத் தரட்டும் என்று சத்தமில்லாமல் மாற்றினால், பழைய நிரல்கள் இன்னொரு 90 நிமிடத்தைக் கழிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, நேரம் மட்டும் தப்பாக வரும். ஆகவே இரண்டையும் வைத்திருங்கள். பூசம்.சி கோப்பில் தொடக்கம்_பழையது, தொடக்கம்_புதியது என்று இரண்டு ஃபங்ஷன் எழுதி, மேலே:

__அஸ்ம்__(".சிம்வெர் தொடக்கம்_பழையது, பூசம்_தொடக்கம்@பூசம்_1.0");
__அஸ்ம்__(".சிம்வெர் தொடக்கம்_புதியது, பூசம்_தொடக்கம்@@பூசம்_1.1");

மேப் கோப்பின் கடைசியில்:

பூசம்_1.1 {
  குளோபல்: பூசம்_தொடக்கம்;
} பூசம்_1.0;

எல்டிஓ (இணைக்கும் கட்டத்தில் முழு நிரலையும் வேகப்படுத்தும் வசதி) பயன்படுத்துபவர்கள் ஜிசிசி 10 முதல் உள்ள சிம்வெர் அட்ரிபியூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அஸ்ம் வரி அங்கே உடையும்.

4. சோதனை

1.0 காலத்தில் கம்பைல் செய்த நிரலை மறுபடி கம்பைல் செய்யாமல், எல்டி_லைப்ரரி_பாத்-ஐப் புதிய லைப்ரரி இருக்கும் இடத்துக்குக் காட்டி ஓட்டுங்கள். இந்திய நேரமே வர வேண்டும். அதே மூலத்தை இப்போது கம்பைல் செய்தால் மொரிஷியஸ் நேரம் வரும்.

5. பதிப்பு எண் காப்பாற்றாத இடம்

பல மதிப்புகளை வரிசையாக ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்ட்டின் நடுவில் ஒரு புது உறுப்பைச் செருகினால், அதன் பின்னால் இருப்பவை எல்லாம் இடம் பெயரும். பழைய நிரலுக்கு அது தெரியாது. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்: 1998-இல் வந்த புதிய மொரிஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி அச்சாகி, எதிர்ப்பு எழுந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. நோட்டையாவது திரும்ப வாங்கலாம், அடுத்தவர் கணினியில் கம்பைல் ஆகிக் கிடக்கும் நிரலை வாங்க முடியாது.

புது உறுப்பைக் கடைசியில் சேருங்கள். அதுவும், ஸ்ட்ரக்ட்டுக்கான இடத்தை லைப்ரரியே ஒதுக்கி, பயனர் பாயிண்டரை மட்டும் வைத்திருக்கும் வடிவமைப்பில்தான் பத்திரம். வெளியிடும் முன் பழையதையும் புதியதையும் -ஜி சேர்த்து கம்பைல் செய்து, 'ஏபிஐடிஃப்' கருவியிடம் கொடுத்தால் மாறிய இடங்களைச் சொல்லிவிடும். ஒத்துப்போக வழியே இல்லையென்றால் சோநேமை (ஓடும்போது நிரல் லைப்ரரியைத் தேடும் பெயர்) லிப்பூசம்.எஸ்ஓ.2 ஆக்குங்கள், .1 கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வையுங்கள்.